கோலசிலாங்கூர் சாலையில் நூறு கஜம் தண்ணீர்

ஊரிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலாயாவுக்கு வருகிற பெண்கள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கோலாலம்பூரிலிருந்து ஒரே நாளில் மோட்டாரில் எங்கே போய் வரலாம்?" நாங்கள் 1935 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் வழியாகக் கோலசிலாங்கூர் போய், வேறு வழியாகத் திரும்பினோம். சுற்றிவர தொண்ணூற்றிரண்டு மைல். போன வழி, செலவு, செய்த தவறுகள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பாதை நல்ல பாதை. மாதம்தான் தப்பு.

முதலில் ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். என் கணவர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கிராணி, நம்மூரில் குமாஸ்தா என்போமே, அது. ஆறு வருஷத்துக்கு முன்பு எங்களைக் குளித்தலையில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். அப்போது மகன் நடராஜனுக்குப் பத்து வயது, மகள் வசந்தாவுக்கு எட்டு. நாங்கள் மூவரும் வந்து சேர்ந்தது செப்டம்பர் கடைசியில். அதற்குள் அவர்களுக்குப் பதினாறும் பதினான்கும் ஆகிவிட்டன. மூன்று மாதம் இருந்து பார்ப்பது, பிறகு திரும்புவதா தங்குவதா என்று முடிவு செய்வது, இதுதான் ஏற்பாடு. அவருக்கு நாங்கள் தங்கிவிட வேண்டும். எனக்கு இரண்டு மனம். பிள்ளைகளுக்கு என்ன மனம் என்று யாரும் கேட்கவில்லை.

வந்து ஏழு வாரமாகியும் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அப்பாவோடு நேராகப் பேசமாட்டார்கள். "அம்மா, அப்பாவுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பாள் வசந்தா, அவர் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. மரியாதைக் குறைவு இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவருக்கும் அவர்களைத் தெரியவில்லை. வசந்தாவுக்கு அவர் வாங்கி வைத்திருந்த பாவாடை எட்டு வயதுப் பெண்ணுக்கும் சரியாக இருந்திருக்காது. இன்னும் சின்னதாக நினைத்திருக்கிறார்.

இந்த நிலையில்தான் அவர் உல்லாசப் பயணம் என்று கிளம்பினார். நாட்டின் அழகைக் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும் என்று கணக்கு. பக்கத்துத் தெருவில் அந்தோணிசாமி என்பவர் சொந்த மோட்டார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு, பெட்ரோல் உட்பட, பதின்மூன்று வெள்ளி, அதாவது மலாயா டாலர், பேசி முடித்தார்கள். ரயில்வேக்காரர் அல்லவா, என் கணவர் ஒரு தாளில் நேரப்பட்டியே எழுதிவிட்டார். ஆறு மணிக்குப் புறப்பாடு, ஏழு பத்துக்குக் கிள்ளான், இத்தனை மணிக்குச் சாப்பாடு என்று. கடலில் குளியல் என்று அரை மணி நேரம்கூட ஒதுக்கியிருந்தார்.

ஆறு ஐந்துக்குப் புறப்பட்டோம். புளிச்சோறு ஒரு தூக்கு, அவித்த முட்டை எட்டு, ஒரு கூஜா தண்ணீர், ஆளுக்கு ஒரு துண்டு. கிள்ளான் சாலை இருபத்திரண்டு மைலும் மேடும் வளைவும்தான். இரண்டு பக்கமும் கித்தா மரங்கள் வரிசை வரிசையாக ஓடி வரும். ரப்பரை இங்கே எல்லோரும் கித்தா என்றுதான் சொல்கிறார்கள். காலைப் பனி மரங்களுக்கு அடியில் புகைபோல நிற்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன், ஆனால் ஒன்பதாவது மைலில் நடராஜன் வாயைப் பொத்திக்கொண்டான். வண்டியை நிறுத்துவதற்குள் பாதி என் புடவையில்.

"முன்னால வந்து உக்காரு தம்பி," என்றார் அந்தோணிசாமி. "கண்ணைத் தூரத்துல வை, பக்கத்து மரத்தைப் பாக்காதே. எனக்கே முதல்ல அப்படித்தான் வரும்."

இடம் மாற்றியதும் அவனுக்குச் சரியாகிவிட்டது. கியர் எப்படி மாற்றுவது, பிரேக் எந்தக் காலில் என்று கேட்க ஆரம்பித்தான். ஏழு வாரத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் கணவர் அவன் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிள்ளானில் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் நம்மவர் கடை ஒன்றில் பசியாறினோம். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆப்பம், தோசை, காப்பி எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு அறுபத்தைந்து காசு. ஆப்பம் மெத்தென்று நன்றாகவே இருந்தது. என் கணவர் வசந்தாவுக்கென்று தனியாக ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு கிண்ணம் சொன்னார். "உனக்குப் பிடிக்குமே, நல்லி எலும்பு வேணும்னு அழுவியே," என்று அவள் இலைப் பக்கம் தள்ளினார்.

வசந்தா என்னைப் பார்த்தாள். "அம்மா, நான் கறி சாப்பிடறதை விட்டு ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்லு."

நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவர் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, தானே சாப்பிட்டு முடித்தார்.

எட்டு பத்துக்குக் கிள்ளானை விட்டோம். அங்கிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர் இருபத்தெட்டு மைல். சாலை நேராக, சமதளமாக இருக்கிறது. வயிறு புரட்டுகிறவர்களும் பயமில்லாமல் போகலாம். தென்னந்தோப்பு, நடுநடுவே தூண்மேல் நிற்கிற மலாய் வீடுகள், வாசலில் காயப்போட்ட கொப்பரை. ஜெராம் அருகே மீன் கருவாடாகிற வாசனை ஒரு மைலுக்கு நம்மோடு வரும். ஒன்பது நாற்பதுக்குக் குன்றடியில் இறங்கினோம்.

குன்று சின்னதுதான். மேலே கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். வெள்ளிச் சாம்பல் நிறத்தில் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். வேறு யாருடைய பிள்ளையையோ தூக்கி வந்ததுபோல் தோன்றும். மேலிருந்து பார்த்தால் ஆறு கடலில் கலக்கிற இடம் முழுதும் தெரியும். ஆனால் ஒன்று: குளிக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். அலை இல்லை, மணல் இல்லை. கரை முழுக்க இடுப்பளவு சேறு, அதில் கண்டல் மரங்கள்.

"கடல்ல குளிக்கலாம்னு சொன்னாங்களே," என்றாள் வசந்தா, என்னிடம்தான்.

என் கணவருக்கு முகம் வாடிப்போயிற்று. அவரும் அதற்குமுன் அங்கே போனதில்லை. யாரோ அலுவலகத்தில் கடல் என்று சொன்னதை நம்பிவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் குரங்கு பார்க்கப் போனபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இங்க இருந்துடலாமா?" என்று கேட்டார்.

"பிள்ளைங்களைக் கேளுங்க."

"அதுங்களை எதுக்குக் கேக்கணும்? நாம பெரியவங்க சொன்னா கேக்கப்போகுதுங்க."

"கேக்கும். உங்ககிட்ட பேசாமலே கேக்கும். அது போதுமா?"

இலங்கைத் தீவு அளவுக்கு ஒரு கருமேகம் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம். வந்த வழியே திரும்பாமல் ஈஜோக், சுங்கை பூலோ வழியாகக் கோலாலம்பூர் போவதாக ஏற்பாடு. அந்த வழி நாற்பத்திரண்டு மைல், காட்சிக்கு இதுதான் மேல். பத்து நிமிஷத்தில் மழை பிடித்தது. இந்த நாட்டு மழையை நம்மூர் மழையோடு ஒப்பிடக் கூடாது. குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் குடத்தையும் மேலே போடுகிற மழை. ஓரிடத்தில் சாலைமேல் கணுக்கால் தண்ணீர் ஓடியது. அந்தோணிசாமி மெதுவாகக் கடந்தார். அதிலிருந்து அரை மைல் போனதும் வண்டியை நிறுத்திவிட்டார். முன்னால் சாலையைக் காணோம். ஏறக்குறைய நூறு கஜத்துக்குப் பழுப்புத் தண்ணீர், அந்தப் பக்கம் சாலை மறுபடி மேடேறுவது மட்டும் தெரிந்தது. மணி இரண்டு இருபது.

"திருப்புங்க," என்றார் என் கணவர் உடனே. அது சரியான வார்த்தைதான். திரும்பினோம். ஆனால் சற்றுமுன் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் சாலையின் குறுக்கே சுழித்து ஓடியது. ஒரு வாழைமரம் வேரோடு போயிற்று. முன்னாலும் பின்னாலும் தண்ணீர், நடுவில் அரை மைல் சாலை, அதில் நாங்கள்.

வண்டியை மறுபடி அந்த நூறு கஜத் தண்ணீர்ப் பக்கமே திருப்பிக் கொண்டுவந்தோம். அங்கே மேட்டில் ஒரு மலாய்க் குடிசை இருந்தது. அங்கிருந்து வயதான ஒருவர் வாழையிலையைத் தலையில் பிடித்தபடி இறங்கி வந்தார். அந்தோணிசாமி அவரிடம் மலாயில் பேசிவிட்டு எங்களிடம் சொன்னார்:

"ராத்திரிக்குள்ள இங்கெல்லாம் நெஞ்சளவு ஏறிருமாம். ஆளுங்க எல்லாரும் அவர் வீட்டுல தங்கிக்கலாமாம். முன்னால இருக்கிற தண்ணி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதானாம், அடியில சாலை கெட்டியா இருக்காம். ஆனா ரெண்டு பக்கமும் பெரிய கால்வாய். ஓரம் தெரியாம சக்கரம் இறங்கிச்சு, முடிஞ்சுது." கொஞ்ச நேரம் வண்டியின் பானெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். "நீங்க மேல போயிருங்க அண்ணே. நான் வண்டியோட இருக்கேன்."

"வண்டி மூழ்கிட்டா?" என்று நடராஜன் கேட்டான்.

"என்னலா செய்யறது? இதான் என் சோறு," என்றார் அந்தோணிசாமி, இந்த நாட்டுப் பேச்சில்.

"அப்போ நாம மேல நின்னு அது மூழ்கறதை வேடிக்கை பாக்கறதா?" என்று என்னிடம் திரும்பினான் நடராஜன்.

என் கணவர் ஜோடுகளைக் கழற்றினார். "ரெண்டு ஓரத்துலயும் ஆள் நடந்தா நடுவுல வண்டி வரலாம். ஒரு பக்கம் நான் போறேன். இன்னொரு பக்கம் தம்பி."

"அவனுக்கு நீச்சல் தெரியாது," என்றாள் வசந்தா. பிறகு என்னைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா?"

அவர் திகைத்துப்போய் நின்றார். "தெரியாது."

"எனக்குத் தெரியும். பின்னால இருக்கறது ஓடற தண்ணி, அது இழுத்துடும். இது நின்ன தண்ணி. நான் இறங்கறேன்."

"பொம்பளைப் பிள்ளை இறங்கறதாவது!" என்று அவர் என்னைப் பார்த்தார். அவள் காவிரியில் புதுவெள்ளத்தில் அக்கரை போய் வந்தவள். அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். "இறங்கட்டும்," என்றேன்.

மலாய்க்காரர் இரண்டு நீள மூங்கில் வெட்டிக் கொடுத்தார். வசந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வலது ஓரம் இறங்கினாள். அவர் இடது ஓரம். மழையில் கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாததால் நடராஜன் கால்பலகையில் நின்று இருவரையும் பார்த்து ஓட்டுநருக்கு வழி சொன்னான். நான் பின்சீட்டில், தூக்குப் பாத்திரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அதை ஏன் பிடித்திருந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

மூங்கிலால் குத்திப் பார்ப்பது, ஓரம் அகப்பட்டதும் அதன்மேல் நிற்பது, கத்துவது. அப்படித்தான் போனார்கள்.

"இங்க முழங்கால்!" என்பாள் அவள்.

"இங்கயும் முழங்கால்!" என்பார் அவர்.

"கொஞ்சம் உள்ள வாங்க, நீங்க ரொம்ப ஓரம் போறீங்க!"

"சரிம்மா!"

நடுவில் வண்டி ஆமைபோல நகர்ந்தது. மழையில் ஒருவரை ஒருவர் கேட்கவேண்டுமென்றால் கத்தித்தான் ஆகவேண்டும். ஏழு வாரத்துப் பேச்சு முழுவதும் அந்த நூறு கஜத்தில் போயிற்று என்று எனக்குத் தோன்றியது.

பாதிக்கு மேல் போயிருப்போம். "இங்க தொடை..." என்று ஆரம்பித்த அவர் குரல் பாதியில் நின்றது. பார்த்தால் தலை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. கால்வாய்.

நான் அலறினேன். நடராஜன் கால்பலகையிலிருந்து குதிக்கப் போனான். "நீ வராதே! வண்டியைப் பாரு!" என்று கத்திக்கொண்டே வசந்தா வண்டிக்கு முன்னால் குறுக்கே ஓடி வந்தாள். அவர் தலை மேலே வந்தது. அவள் சாலை ஓரத்தில் மண்டியிட்டு, மூங்கிலை நீட்டினாள்.

"புடிங்க! ரெண்டு கையாலயும்! காலை உதைக்காதீங்க, சும்மா மிதங்க! நான் இழுக்கறேன்!"

அவர் சொன்னபடி செய்தார். அலுவலகத்தில் பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிற மனிதர், பதினான்கு வயதுப் பெண் சொன்னபடி காலை அசைக்காமல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். அவள் இழுத்து அவரைச் சாலைமேல் சேர்த்தாள். மூக்குக்கண்ணாடி போய்விட்டது. இருமினார், வாந்தியெடுத்தார், எழுந்தார்.

"ஏறி வண்டிக்குள்ள உக்காருங்கப்பா," என்றாள்.

"அந்தப் பக்கம் யார் நடக்கறது?" என்று கேட்டுவிட்டுத் தன் மூங்கில் எங்கே என்று தேடினார். அது போய்விட்டிருந்தது. அவள் தன்னுடையதை அவரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலால் தடவிக்கொண்டே மறு ஓரத்தில் நடந்தாள். மீதித் தூரமும் அப்படியே கடந்தோம். சக்கரம் மேட்டில் ஏறியபோது மணி மூன்று பத்து.

அந்தோணிசாமி இறங்கி வந்து வசந்தாவைக் கும்பிட்டார். அவள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள். கிழவர் அந்தக் கரையில் நின்று கையசைத்தார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். இது இன்னும் என்னை உறுத்துகிறது.

சுங்கை பூலோவில் ஒரு சீனர் கடையில் சூடாகக் காப்பி குடித்தோம். கடைக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்துக் காசு வாங்க மறுத்தார். அங்கிருந்து வீடு வரை வசந்தா அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்து திட்டினாள்.

"தெரியாதவங்க எதுக்கு அவ்வளவு ஓரம் போகணும்? நான் உள்ள வாங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"பின்னே?"

"மழையில சரியாக் கேக்கலம்மா."

"கேட்டுச்சு. 'சரிம்மா'ன்னு சொன்னீங்க."

முன்சீட்டிலிருந்து நடராஜன் சிரித்தான். என் கணவருக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவரும் சிரித்தார். ஐந்தேகாலுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் பிள்ளைகளைக் கேட்டார், என் வழியாக இல்லாமல், நேராக. "இங்க இருக்க உங்களுக்கு இஷ்டமா?" நடராஜன் வெகுநேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு, பள்ளிக்கூடப் பரீட்சை எழுதாமல் விட மனமில்லை, திரும்பிப் போக வேண்டும் என்றான். அவர் முகம் சுருங்கியது. ஆனால் "சரி" என்றார். வசந்தா இங்கேயே பள்ளியில் சேர்த்தால் இருப்பேன் என்றாள். நான் அவளோடு இருந்துவிட்டேன். ஜனவரியில் நடராஜனை ஊரிலுள்ள அவன் பெரியப்பா வீட்டுக்குக் கப்பலேற்றினோம். துறைமுகத்தில் அவர் அழுதார். நான் அழுது முடித்திருந்தேன். குடும்பம் ஒன்றாகச் சேரவில்லை, வேறு விதமாகப் பிரிந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இப்போது அவன் கடிதங்கள் அப்பா பெயருக்கு வருகின்றன.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. நவம்பரில் இந்தச் சுற்று வேண்டவே வேண்டாம். பிப்ரவரியோ ஜூனோ பாருங்கள். கிள்ளான் வழியே போய் அதே வழியே திரும்பினாலும் நூறு மைல்தான், சாலை உயரமானது. மேகத்தைப் பார்த்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். சாலையில் தண்ணீர் நின்றால் இறங்காதீர்கள். நாங்கள் இறங்கினோம், பிழைத்தோம், அது வழிகாட்டுதல் அல்ல. ஓட்டுநரோடு வாடகை பேசும்போதே அவருக்கும் சாப்பாடு கட்டிவிடுங்கள். வயிறு புரட்டுகிற பிள்ளையை முன்னால் உட்காரவையுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு வழியில் ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். காட்சியை மட்டும் காட்டிக்கொண்டு போனால் அவர்களுக்குத் தூக்கம்தான் வரும்.

முக்கியமாக, எங்கே போவது என்று அவர்களையே கேளுங்கள். பரீட்சை முடிந்து நடராஜன் மே மாதம் வருகிறான். அந்தோணிசாமியிடம் வண்டி சொல்லியாயிற்று. மணலுள்ள கடல், மோரிப், என்கிறான் அவன். மலை, குளிர், என்கிறாள் இவள். கடிதம் போக பன்னிரண்டு நாள், பதில் வர பன்னிரண்டு நாள். என் கணவர் இரண்டு பேர் கட்சியையும் மாறி மாறி ஆதரிக்கிறார். இதுவரை நேரப்பட்டி எழுதப்படவில்லை.